பதினாலு மணிக்கூர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே என் கடை.
தலைக்கு மேல் லாரி போனால்
திரையில் விமானம் லேசாக நடுங்கும்.

மெற்றில்டா போனை நீட்டினாள்.
கப்பல் கம்பெனி அவள் மாப்பிள்ளைக்கு எடுத்த டிக்கெட்:
மொன்டேவீடியோ, சாவோ பாவ்லோ, தோஹா, திருவனந்தபுரம்.
பிரிண்ட் எடுக்கவா என்றேன்.
"பிரிண்ட் எதுக்கு? தூரம் சொல்லும்."

உருண்டையில் நூல் பிடித்தால்
பதினாலாயிரத்து நானூறு கிலோமீட்டர்.
நூல் மேல் யாரும் வருவதில்லை அக்கா,
மூன்று விமானம், நடுவில் இரண்டு காத்திருப்பு,
சுற்றிச் சுற்றிப் பதினாறாயிரத்துச் சொச்சம்.
முப்பத்து மூணு மணிக்கூர், பத்து நிமிஷம்.
அதற்குப் பிறகு பூத்துறைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்.
அதற்கு ரெண்டு மணிக்கூர் வையுங்கள்,
பாலராமபுரத்தில் பிளாக்கு.

அவள் சிரிக்கவில்லை.
"இதுல போன் எடுக்காத நேரம் எது?
நீளத்துல நீளம் எது?"

அப்போதுதான் நாற்காலியை இழுத்துக்கொண்டு
கேட்டேன், எதற்கென்று.

கடல் ஆடியில் அடுக்களைச் சுவரைக் கொண்டுபோய்விட்டது.
ஆவணியில் அலைக்கு நேரே நின்று சோறு வடித்தாள்.
தனிஸ்லாஸ் ஒன்பது மாதம் சேர்த்து அனுப்பிய ஏழு லட்சம்
பாங்கில் இருக்கிறது, ரெண்டு பேர் பெயரிலும்.
அவருக்கு வள்ளம் வாங்க வேண்டும்.
போனில் எஞ்சின் விலை மட்டுமே பேசுகிறார்.
இவளுக்கு முஞ்சிறையில் மூன்று சென்ட் பார்த்தாச்சு.
"கடலுக்கும் அதுக்கும் ஆறேழு கிலோமீட்டர்.
அந்தத் தூரம் எனக்கு மதி.
பைசா எடுத்தா அவருக்கு மெசேஜ் போவும்.
மெசேஜ் கண்டா விளிப்பாரு.
விளிச்சா எனக்க மனசு எளகும்."

கணக்குப் போட்டேன்.
இத்தனை வருஷத்தில் யாருக்கும் இப்படிப் போட்டதில்லை.
சாவோ பாவ்லோவில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏறுகிறார்;
இங்கே அப்போது காலை பத்தரை,
பாங்கு திறந்து அரை மணி.
தோஹாவில் இறங்கும்போது
இங்கே நடுராத்திரி பன்னிரண்டரை.
பதினாலு மணிக்கூர்.
பாங்கு, பத்திர ஆபீஸ், டோக்கன், கையெழுத்து,
இடையில் ஒரு சாயாவுக்கும் நேரமுண்டு.
கிழமை புதன். அரசு விடுமுறை இல்லை, பார்த்துவிட்டேன்.

இப்போதெல்லாம் விமானத்திலும் வைஃபை உண்டு என்பதை
மறைக்க மனம் வரவில்லை.
"பைசா கேப்பானுவளா?"
கேட்பார்கள்.
"அப்பம் பேடிக்காண்டாம். தண்ணியே வேண்டிக் குடிக்காத ஆளு."

புதன்கிழமை வேலை ஓடவில்லை.
திரையில் மஞ்சள் விமானம்
அட்லாண்டிக்கின் மேல் நகம் அளவு நகர்ந்தது.
யாரோ துபாய்க்கு விலை கேட்டார்கள்,
மஸ்கட் விலையைச் சொன்னேன்.
மூன்றே முக்காலுக்கு ஒரு படம் வந்தது:
மை ஒட்டிய பெருவிரல்,
அதன் பின்னால் மங்கலாக ஒரு சர்வே கல்.
விமானம் இன்னும் தண்ணீருக்கு மேலேதான்.

வியாழன் மதியம் ஒரு மணிக்கு
'தரையிறங்கியது' என்று பச்சையில் எழுத்து.
மெற்றில்டா அழைக்கவில்லை.
நானும்.

சனிக்கிழமை தனிஸ்லாஸ் வந்தார்.
அகலமான மனிதர், கடையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
நான் ஸ்டேப்ளரை நகர்த்தி வைத்தேன், ஏனென்று தெரியாது.
"பதினாலு மணிக்கூர் கணக்கு சொன்னது நீரா?"
ஆமாம்.

மேலே லாரி ஒன்று போகும்வரை பேசவில்லை.

"ஏறின உடனே உறங்கிட்டேன்.
சோறு வந்ததும் தெரியாது.
ஒன்பது மாசத்துல
வாட்சுக்கு ஆரும் தட்டி எழுப்பாத உறக்கம்.
தோஹாவுல போனைத் தொறந்தா
ஏழு லட்சம் போயாச்சு."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ரெண்டு நாளா அவகிட்டப் பேசல்ல.
இப்பம் முஞ்சிறைக்குத்தான் போறேன்.
எந்த பஸ்?"

பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
வாருங்கள், வண்டியில் விடுகிறேன்.
கால் மணி நேரம், பிளாக்கு இல்லையென்றால்.